எந்தச் சிப்பியை எடுப்பது? கடலின் பழைய காலத்தைப் படிக்க நான்கு ஓடுகள்

சிப்பி ஓட்டில் கடலின் வெப்பமும் மழையும் பதிவாகி இருக்கின்றன என்று படித்துவிட்டு ஆய்வுக்கு இறங்கும் மாணவர்கள் பலரும் ஒரே இடத்தில் வந்து தடுமாறுகிறார்கள்: எந்த இனத்தை எடுப்பது? படித்த கட்டுரைகளில் ஐந்நூறு ஆண்டு வாழ்ந்த ஐஸ்லாந்துச் சிப்பி கண்ணைப் பறிக்கும். ஆய்வகத்தில் வேறொரு இனம் பெட்டி நிறையக் கிடக்கும். தொல்லியல் மாணவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. குழியில் கிடைத்ததைத்தான் எடுக்க முடியும், ஆனால் கிடைத்த மூன்று நான்கு இனங்களில் எதற்குப் பணத்தைச் செலவழிப்பது?

இங்கே நான்கை எடுத்துக்கொள்கிறேன். வட அட்லாண்டிக்கின் குவாஹாக் (மேலே சொன்ன ஐஸ்லாந்துச் சிப்பி இந்த இனம்தான்), பவளப்பாறைகளில் வாழும் இராட்சதச் சிப்பி, கழிமுகங்களின் ஆளி (ஆய்ஸ்டர்), மணல் திட்டுகளில் புதைந்து வாழும் காக்கிள் மட்டி. உலகெங்கும் அதிகம் ஆராயப்பட்ட வகைகளில் இவையும் உண்டு. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எத்தனை ஆண்டு வாழும்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். "எப்போது வளராமல் நிற்கும்?" என்று முதலில் கேட்டால் பாதித் தவறுகள் குறையும்.

## ஓடு வளரும் விதம்

சிப்பியின் சதையைப் போர்த்தியிருக்கும் மேன்டில் என்ற மெல்லிய படலம், ஓட்டின் உள்பக்கத்தை ஒட்டியே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் திரவம். நீரிலிருந்து எடுத்த கால்சியம் அந்தத் திரவத்துக்கு வந்து, புரதத்தால் ஆன சட்டகத்தின் மேல் கால்சியம் கார்பனேட் படிகமாகப் படிகிறது. விளிம்பில் புது ஓடு சேர்கிறது, உள்பக்கம் மெதுவாகத் தடிக்கிறது. படிந்த பகுதி எலும்பைப் போலக் கரைந்து புதுப்பிக்கப்படுவதில்லை. அதனால்தான் ஒரு சிப்பியின் சிறு வயது முதல் கடைசி நாள் வரையிலான பொருள் ஒரே ஓட்டில் வரிசையாகக் கிடைக்கிறது.

கோடு எப்படி விழுகிறது? சிப்பி தன் ஓடுகளை மூடிக்கொள்ளும்போது உள்ளே ஆக்சிஜன் குறைகிறது, உடலில் அமிலம் சேர்கிறது. அந்த அமிலம் புதிதாகப் படிந்த கார்பனேட்டில் கொஞ்சத்தைக் கரைத்துவிட, கரையாத புரதம் அங்கே செறிந்து நிற்கிறது. 1977 இல் லட்ஸ், ரோட்ஸ் இருவரும் முன்வைத்த விளக்கம் இது. ஓடு மூடுவதற்குக் காரணம் நீர் வற்றுவதாக இருக்கலாம். குளிர், முட்டையிடும் காலம், வெள்ளத்தில் உப்பு குறைவது ஆகியவையும் வளர்ச்சியைத் தடுத்துக் கோட்டை உண்டாக்கும். ஆகவே கோட்டைப் பார்த்த உடனே "ஒரு ஆண்டு" என்று எண்ணத் தொடங்கக் கூடாது.

கோடுகள் காலத்தைச் சொல்கின்றன என்றால், சூழலைச் சொல்வது பெரும்பாலும் ஆக்சிஜன் ஐசோடோப்புகள், அதாவது எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணு வகைகள். நீர் குளிர்ந்தால் ஓட்டில் கனமான ஆக்சிஜன் 18 இன் பங்கு கூடும், சூடானால் குறையும். வேதியியலாளர் ஹரால்ட் யூரி 1947 இல் இதன் அடிப்படையை எழுதினார். நடைமுறைக் கணக்கு: ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றம் என்றால் ஏறக்குறைய 4.3 டிகிரி செல்சியஸ் மாற்றம். ஆனால் மழைநீரும் ஆற்றுநீரும் கடல்நீரைவிட ஆக்சிஜன் 18 குறைந்தவை. அவை கலந்தாலும் ஓட்டின் எண் குறையும். இந்த இரண்டையும் பிரித்தறிவதில்தான் பெரும்பாலான ஆய்வுகள் திணறுகின்றன.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, கால நுணுக்கம்: மணி, நாள், பருவம், ஆண்டு, இவற்றில் எது வரை பிரித்துப் படிக்கலாம்? இரண்டாவது, நீளம்: ஒரே ஓட்டில் எத்தனை ஆண்டு, பல ஓடுகளைக் கோர்த்தால் எத்தனை? மூன்றாவது, அது எதற்கு நன்றாக எதிர்வினை காட்டுகிறது: வெப்பம், உப்புத்தன்மை, ஒளி? நான்காவது, மண்ணுக்குள் கெடாமல் இருக்குமா? கால்சியம் கார்பனேட்டுக்கு அரகோனைட், கால்சைட் என்று இரண்டு படிக வடிவங்கள் உண்டு; அரகோனைட் ஓடு காலப்போக்கில் கால்சைட்டாக மாறிவிடக்கூடும். அப்போது பழைய எண்கள் அழிந்துபோகும். முதலிலேயே கால்சைட்டாக இருந்தால் நிலைமை கொஞ்சம் நல்லது. ஐந்தாவது, கையில் கிடைக்குமா? சட்டம், கப்பல், பணம், உழைப்பு எல்லாம் இதில் அடக்கம்.

இவற்றோடு நான் மேலே சொன்ன கேள்வியும் உண்டு: எந்த மாதங்களில் அது வளர்வதே இல்லை? அந்த மாதங்களைப் பற்றி அந்த ஓட்டிடம் கேட்டுப் பயனில்லை.

ஓட்டின் பழமையும் கால நுணுக்கமும் வேறு வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். ஓமானில் கிடைத்த, 7 கோடி ஆண்டு பழமையான ரூடிஸ்ட் என்ற அழிந்துபோன சிப்பி வகையின் ஓட்டில் நாள் அடுக்குகளை எண்ணி, அன்றைய ஆண்டுக்கு 372 நாட்கள் என்று 2020 இல் கணக்கிட்டார்கள். ஒரு நாளுக்கு அப்போது இருபத்து மூன்றரை மணி நேரம். நன்றாகப் பாதுகாக்கப்பட்ட பழைய ஓடு, கெட்டுப்போன நேற்றைய ஓட்டைவிட அதிகம் சொல்லும்.

## குவாஹாக்: ஆண்டுக் கணக்குக்கு

ஆர்க்டிகா ஐலாண்டிகா என்பது இதன் அறிவியல் பெயர். ஐஸ்லாந்து, பிரிட்டன், வட அமெரிக்காவின் கிழக்குக் கரை ஆகிய இடங்களில் குளிர்ந்த கடலடி மணலில் புதைந்து வாழ்கிறது. ஆண்டுக்கு ஒரு கோடு. இதை நம்புவதற்கு நல்ல ஆதாரம் உண்டு: 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளால் கடலில் கூடிய கதிரியக்கக் கார்பன், இந்த ஓடுகளில் சரியான ஆண்டுகளில் ஏறுவது அளக்கப்பட்டுள்ளது.

இதன் பெரும் பலம் கோர்த்துப் பார்க்கும் வசதி. ஒரே கடலடியில் வாழும் சிப்பிகள் நல்ல ஆண்டில் சேர்ந்து அகலமாகவும், மோசமான ஆண்டில் சேர்ந்து குறுகலாகவும் வளர்கின்றன. மர வளையங்களைப் பொருத்துவது போலவே, உயிருள்ள சிப்பியின் கோடுகளை இறந்த சிப்பியின் கோடுகளோடு பொருத்திப் பின்னோக்கிப் போகலாம். ஐஸ்லாந்தின் வடக்குக் கடலில் இப்படி 649 முதல் 2005 வரை, 1357 ஆண்டுத் தொடர் ஒன்றை வேல்ஸின் பாங்கர் பல்கலைக்கழகக் குழுவினர் உருவாக்கி 2013 இல் வெளியிட்டார்கள். கடல் விஷயத்தில் இது அசாதாரணமான சாதனை. ஒவ்வொரு கோட்டுக்கும் ஆண்டு தெரிந்துவிட்டதால், அதே கோட்டின் கதிரியக்கக் கார்பனை அளந்து, கடல்நீர் எத்தனை ஆண்டு "மூத்ததாக"க் காட்டுகிறது என்பதையும் கண்டுபிடிக்கலாம். கடல் பொருட்களின் கார்பன் வயது பொதுவாக 400 ஆண்டு அளவுக்குத் தள்ளிப் போகும். அந்தத் தள்ளல் காலத்துக்கேற்ப எப்படி மாறியது என்று சொல்ல இதைப் போன்ற சாட்சி குறைவு.

இனி மறைந்திருக்கும் செலவு. 2006 இல் ஐஸ்லாந்துக் கடலில் எடுத்த "மிங்" என்ற சிப்பிக்கு முதலில் 405 முதல் 410 வயது என்றார்கள். இரண்டு ஓடுகளும் இணையும் கீல் பகுதியில் எண்ணிய கணக்கு அது; அங்கே கோடுகள் நெருங்கி ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. பின்னர் ஓட்டின் வெளி விளிம்பில் எண்ணி, மற்ற ஓடுகளோடு பொருத்திப் பார்த்தபோது 507 என்று ஆனது. பிறந்த ஆண்டு 1499. கைதேர்ந்த குழுவுக்கே நூறு ஆண்டு வித்தியாசம் வந்தது என்பதை மனதில் வையுங்கள். ஒற்றை ஓட்டில் எண்ணிய வயதை நான் ஏற்கவே மாட்டேன்.

இன்னொன்று: வயது ஏற ஏற வளர்ச்சி சுருங்குகிறது. முதல் சில பத்தாண்டுகளில் ஒரு ஆண்டுக்குள்ளேயே பல மாதிரிகளைத் துளைத்து எடுக்கலாம். முதிய பகுதியில் ஒரு ஆண்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஒரு மாதிரிக்கே இரண்டு மூன்று ஆண்டுகள் கலந்துவிடும். பருவ மாற்றம் வேண்டுமென்றால் இளமைப் பகுதியோடு நின்றுகொள்ள வேண்டும்.

எப்போது இதை எடுக்கலாம்: உங்கள் கேள்வி வட அட்லாண்டிக்கைப் பற்றியது, நூற்றாண்டுகள் நீளமானது, ஆண்டுத் துல்லியம் கட்டாயம், ஏற்கெனவே ஓடுகள் வைத்திருக்கும் ஒரு குழுவோடு சேர முடியும். இந்த நான்கும் இல்லாமல், இந்தியப் பெருங்கடல் பற்றிய கேள்வியோடு இதைத் தொடுவதில் அர்த்தமில்லை. வெப்ப நீரில் இது வாழ்வதே இல்லை.

## இராட்சதச் சிப்பி: நாள் கணக்குக்கு

ட்ரைடாக்னா குடும்பம். இதன் மேன்டிலில் பாசிகள் கூட்டாக வாழ்ந்து, ஒளியிலிருந்து உணவு தயாரித்துச் சிப்பிக்கும் கொடுக்கின்றன. அந்த உதவியால் ஓடு வேகமாகத் தடிக்கிறது. பெரிய இனமான ட்ரைடாக்னா கிகாஸ் ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் 200 கிலோவுக்கு மேல் எடையும் எட்டும். பல பத்தாண்டுகள் வாழும். வெப்ப மண்டல நீரில் குளிர்காலத் தடங்கல் இல்லாததால் ஆண்டு முழுவதும் வளர்கிறது. என் அளவுகோலில் இதற்கு முதல் இடம் கிடைப்பது இந்தக் காரணத்தால்தான்.

உள் அடுக்கில் நாளுக்கு ஒன்றாகக் கோடுகள் தெரியும். ஜப்பானின் இஷிகாகித் தீவில் வளர்க்கப்பட்ட, இக்குடும்பச் சிப்பி ஒன்றின் ஓட்டில் 2 மைக்ரான் இடைவெளியில் ஸ்ட்ரான்சியத்தை அளந்து, பகல் இரவு மாற்றத்தையே 2012 இல் காட்டினார்கள். மேகம் மூடிய நாள், புயல் அடித்த வாரம் போன்றவற்றைத் தேடுவோருக்கு இதைவிட நுணுக்கமான ஓடு கிடைப்பது கடினம். பவளப்பாறை நீர் பெரும்பாலும் ஆற்றுக் கலப்பு இல்லாதது என்பதால் ஐசோடோப் எண்ணை வெப்பமாக வாசிப்பதும் மற்ற இடங்களைவிட எளிது. பவளமும் இதே வேலையைச் செய்கிறதே என்று கேட்கலாம். பவளத்தின் எலும்புக்கூடு நுண்துளைகள் நிறைந்தது, அதற்குள் பின்னால் புதுப் படிகம் படிந்துவிடும். இராட்சதச் சிப்பியின் ஓடு அடர்த்தியானது, பழங்காலத் திட்டுகளிலும் நன்றாகப் பிழைத்திருக்கிறது.

விலை என்ன? முதலில் சட்டம். இக்குடும்பம் முழுவதும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் காக்கிறது. லட்சத்தீவு, அந்தமான் நீரில் உயிருள்ளதைத் தொடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். இறந்த ஓட்டுக்கும் அனுமதி வேண்டும், எல்லை தாண்டி அனுப்பத் தனி ஆவணம் வேண்டும். தென் சீனக் கடலில் இந்த ஓடுகளுக்காகவே பவளத்திட்டுகளை இயந்திரப் படகுகளால் தோண்டிச் சிதைத்திருக்கிறார்கள். ஆகவே சந்தையில் விற்கும் ஓட்டை வாங்கி ஆய்வு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அருங்காட்சியகச் சேகரிப்போ, உயர்ந்து நிலமாகிவிட்ட பழைய திட்டில் முறையான அனுமதியோடு எடுத்த புதைபடிவமோதான் நியாயமான வழி.

இரண்டாவது செலவு, கருவி. நாள் கோடுகளின் அளவுக்கு இறங்கினால் சாதாரணத் துளைப்பான் போதாது. லேசரோ அயனிக் கற்றையோ தேவை. அவை சில ஆய்வகங்களில்தான் உண்டு, நேரம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும்.

## ஆளி: நன்னீருக்கும் உப்புக்கும்

அமெரிக்கக் கிழக்குக் கரையின் க்ராசோஸ்ட்ரியா வர்ஜினிகா, நம் கழிமுகங்களில் பழவேற்காட்டிலிருந்து தூத்துக்குடி வரை கிடைக்கும் க்ராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ், இரண்டும் நெருங்கிய உறவினங்கள். ஓட்டின் பெரும்பகுதி கால்சைட். அதனால் பழங்கால மக்கள் தின்று எறிந்த ஓட்டுக் குவியல்களில் மற்ற ஓடுகள் மாவாகிப் போன இடத்திலும் ஆளி மிஞ்சும்.

இதைப் பயன்படுத்திய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஜேம்ஸ்டவுன் ஆய்வு. வர்ஜீனியாவில் ஆங்கிலேயர் குடியேறிய கோட்டைக்குள் இருந்த கிணற்றில், 1611, 1612 வாக்கில் தின்று எறிந்த ஆளி ஓடுகள் கிடைத்தன. அவற்றின் ஐசோடோப்புகள், ஜேம்ஸ் ஆற்று நீர் இன்றைவிட உப்பாக இருந்ததைக் காட்டின. ஆற்றில் நீர் குறைந்திருந்தது, அது வறட்சிக் காலம். குடியேறியவர்களின் குடிநீர்த் துயரம் அந்த ஓட்டில் பதிவாகி இருந்தது. இங்கே கேள்வியும் இனமும் கச்சிதமாகப் பொருந்தின: கேட்டது நன்னீரைப் பற்றி, எடுத்தது நன்னீர் ஏறி இறங்கும் இடத்தில் வாழும் சிப்பியை.

இதே ஆளியை வெப்பமானியாக எடுத்தால் தோல்விதான். தமிழகக் கரையில் கடல்நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் நாலைந்து டிகிரிக்குள் ஆடுகிறது. அதாவது ஐசோடோப் அளவில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. வடகிழக்குப் பருவமழையின் ஒரு வெள்ளம் கழிமுக நீரை அதைவிட அதிகமாக மாற்றிவிடும். கணக்கில் அது "நவம்பரில் கடல் கொதித்தது" என்று வரும்! ஆகவே நம் உப்பங்கழிகளில் ஆளியிடம் பருவமழையைக் கேளுங்கள், வெப்பத்தைக் கேட்காதீர்கள்.

ஆளியின் வெளிப்புறக் கோடுகளையும் நம்பாதீர்கள். அது ஒட்டியிருக்கும் பாறையின் வடிவுக்கேற்ப வளைந்து வளரும், கோடுகள் ஆண்டுக்கு ஒன்றாக விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கீலை நெடுக்காக வெட்டி அங்கே மாதிரி எடுப்பதுதான் வழக்கம். ஓட்டுக்குள் சுண்ணாம்புப் பொடி போன்ற மென்மையான அடுக்குகள் இருக்கும். அவற்றைத் தவிர்க்க வேண்டும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடா போன்ற இடங்களில் நீர் சுமார் 10 டிகிரிக்குக் கீழ் போனால் வளர்ச்சி நின்றுவிடும், குளிர்காலமே பதிவாகாது. நம் கழிமுகங்களில் குளிர் தடையில்லை, ஆனால் பெருவெள்ளத்தில் ஓட்டை இறுக மூடிக்கொண்டால் வெள்ளத்தின் உச்சமே விடுபட்டுப் போகலாம். நீங்கள் தேடும் நிகழ்வே அது நிற்கும் நேரமாக இருக்கும் என்பது இங்குள்ள சங்கடம்.

## காக்கிள் மட்டி: பருவத்துக்கும் ஓதத்துக்கும்

செராஸ்டோடெர்மா எடூல் என்ற ஐரோப்பிய மட்டி, நீர் ஏறி வற்றும் மணல் திட்டில் புதைந்து வாழ்கிறது. நீர் வற்றும்போதெல்லாம் ஓட்டை மூடும், ஒரு கோடு விழும். 24 மணி 50 நிமிடத்துக்கு இரண்டு கோடு. அமாவாசை, பௌர்ணமி ஓதங்களில் ஒரு தோற்றம், இடைப்பட்ட நாட்களில் வேறு தோற்றம் என்று இரண்டு வாரச் சுழற்சியும் தெரியும். குளிர்காலத்தில் கோடுகள் நெருங்கி வளர்ச்சி நின்றுவிடும். வாழ்வது சில ஆண்டுகளே.

குறைந்த ஆயுள் இங்கே குறையே இல்லை. ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் மார்ட்டன் என்ற இடைக்கற்கால இடத்தில், குவியலில் கிடந்த மட்டிகளின் கடைசிக் குளிர்காலக் கோட்டிலிருந்து விளிம்பு வரை எண்ணி, மக்கள் எந்தப் பருவத்தில் அவற்றைப் பொறுக்கினார்கள் என்று மார்கரெட் டீத் 1983 இல் எழுதினார். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். வெட்டும் இயந்திரம், மெருகேற்றும் தாள், நல்ல நுண்ணோக்கி இருந்தால் போதும். முதல் முறை இத்துறைக்கு வருபவருக்கு நான் தயங்காமல் கைகாட்டுவது இந்த வகையைத்தான்.

ஆனால் இடம் பார்க்க வேண்டும். ஃபைஃப் கரையில் பெரிய ஓத நாட்களில் நீர் நான்கைந்து மீட்டர் ஏறி இறங்குகிறது. சென்னைக் கரையில் அது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், பாக் நீரிணையில் இன்னும் குறைவு. எப்போதும் நீருக்குள்ளேயே இருக்கும் மட்டியில் ஓதக் கோடு தெளிவாக இருக்காது. நம் பக்கத்து இரத்த மட்டி, மற்ற மட்டிகள் எல்லாவற்றிலும் கோடு எதற்காக விழுகிறது என்று முதலில் சோதிக்க வேண்டும். கால்சீன் என்ற ஒளிரும் சாயத்தில் சில மணி நேரம் ஊறவைத்து, மீண்டும் அதே இடத்தில் விட்டு, சில வாரம் கழித்து எடுத்து, சாயக் கோட்டுக்குப் பிறகு எத்தனை கோடு என்று எண்ணினால் விடை கிடைத்துவிடும். இதைத் தவிர்த்துவிட்டு எழுதும் பருவக் கணக்குக்கு அடித்தளம் கிடையாது.

## ஒரு பார்வையில்

| | குவாஹாக் | இராட்சதச் சிப்பி | ஆளி | காக்கிள் மட்டி |
|---|---|---|---|---|
| நுணுக்கம் | ஆண்டு. இளமையில் பருவம் | நாள் வரை | பருவம் | ஓதம், நாள் |
| நீளம் | நூற்றாண்டுகள். கோர்த்தால் ஆயிரம் தாண்டும் | பல பத்தாண்டுகள் | சில ஆண்டுகள் | சில ஆண்டுகள் |
| நன்றாகச் சொல்வது | குளிர்க் கடலின் நீண்ட மாற்றம் | வெப்பம், ஒளி | நன்னீர் வரத்து | பொறுக்கிய பருவம் |
| நிற்கும் நேரம் | ஆண்டின் ஒரு பகுதி | அநேகமாக இல்லை | கடுங்குளிர், வெள்ளம் | குளிர்காலம் |
| ஓட்டின் பொருள் | அரகோனைட் | அரகோனைட் | பெரும்பாலும் கால்சைட் | அரகோனைட் |
| பெரிய தடை | கப்பல், பொருத்தும் உழைப்பு | சட்டம், கருவி | கலந்த சமிக்ஞை | கோட்டின் பொருளைச் சரிபார்ப்பது |

## எதை எடுத்தாலும் வரும் செலவு

மாதிரிகளின் எண்ணிக்கையை மாணவர்கள் குறைத்தே போடுகிறார்கள். ஐந்து ஆண்டு வாழ்ந்த ஓட்டில் மாதத்துக்கு ஒன்று என்றால் அறுபது. ஒரு ஓட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது, ஐந்து ஓடாவது வேண்டும், முந்நூறு மாதிரி ஆகிவிட்டது. ஐசோடோப்பை அளக்கும் நிறை நிறமாலைமானியில் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. பணம் குறைவு என்றால் எல்லா ஓட்டிலும் அரைகுறையாக எடுப்பதைவிட, ஒரு ஓட்டை முழுதாகவும் மற்றவற்றில் விளிம்பை மட்டும் நாலைந்து புள்ளிகளாகவும் எடுங்கள். இறந்த பருவம் அறிய விளிம்பே போதும். தென்னாப்பிரிக்காவின் நெல்சன் பே குகை ஓடுகளை வைத்து நிக்கோலஸ் ஷாக்கில்டன் 1973 இல் இந்த வழியைக் காட்டினார்.

அப்புறம், தண்ணீர். ஓட்டின் ஐசோடோப்பை அளந்துவிட்டு நீரின் ஐசோடோப்பை அளக்காமல் விட்டால் வெப்பக் கணக்கு அந்தரத்தில் தொங்கும். சிப்பி எடுக்கும் இடத்தில் குறைந்தது ஒரு ஆண்டுக்கு, மாதம் ஒரு முறை நீர் எடுத்து, வெப்பமும் உப்பும் குறித்து வையுங்கள். மலிவான வேலை, பின்னால் ஈடுகட்ட முடியாத வேலையும்கூட.

பழைய ஓடு என்றால் அது தீயில் சுட்டதா என்று பாருங்கள். கடும் சூட்டில் அரகோனைட் கால்சைட்டாக மாறிவிடும். எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் சோதனை ஒன்று செய்தால் தெரியும். அது முடியாவிட்டால் அரகோனைட்டை மட்டும் கறுப்பாக்கும் ஃபைகல் சாயம் உதவும். கரையில் ஒதுங்கிய ஓட்டை எடுக்கும் ஆசையும் வேண்டாம். எப்போது, எங்கே செத்தது என்று அதற்குக் கணக்கே இல்லை.

## யாருக்கு எது

கையில் ஒரு ஆண்டும் சிறு தொகையும் உள்ள முதுகலை மாணவர் என்றால் மட்டி, அதுவும் உயிருள்ளதைச் சாயமிட்டுச் சோதிப்பது. தமிழகக் கரையின் பழைய பருவமழையைத் தேடும் முனைவர் பட்ட ஆய்வாளர் என்றால் ஆளி. ஆனால் இன்றைய ஆளியில் ஒரு முழு ஆண்டைச் சரிபார்த்த பிறகே பழைய குவியலைத் தொட வேண்டும். மன்னார் வளைகுடாவில் எடுக்க நினைத்தால், தேசியப் பூங்கா எல்லையும் அனுமதியும் முதல் நாளே பார்க்க வேண்டியவை. வெப்ப மண்டலக் கடலின் வெப்பமோ புயலோ நாள் கணக்கில் வேண்டும், நல்ல கருவியும் உள்ள குழு என்றால் அருங்காட்சியகத்து இராட்சதச் சிப்பி. குவாஹாக், வட அட்லாண்டிக்கில் வேலை செய்வோருக்கு.

இரண்டு இனங்களுக்கு நடுவே இன்னும் முடிவெடுக்க முடியவில்லையா? ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஓட்டை வெட்டி மெருகேற்றிப் பாருங்கள். இருவர் தனித்தனியே எண்ணட்டும். எதில் இருவர் எண்ணிக்கையும் நெருங்கி வருகிறதோ அதை எடுங்கள். வெட்டும்போது சிப்பியின் இரண்டு ஓடுகளில் ஒன்றை மட்டும் வெட்டி, மற்றதில் மாதிரி எண், எடுத்த இடம், நாள் ஆகியவற்றை எழுதி அப்படியே வைத்துவிடுங்கள். பின்னால் யாராவது சரிபார்க்கக் கேட்டால் கொடுக்க அது இருக்க வேண்டும்.